மக்சிமோவின் திருமண ஓவியத்தில் வரும் மந்திரவாதிக்கு ஏன் அத்தனை மரியாதை?

ரஷ்யக் கிராமத்துத் திருமணம் ஒன்றைக் காட்டும் ஓவியத்தின் பிரதியைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். பனி படிந்த கோலத்தில், தலையில் தொப்பியோடு, ஒரு கிழவர் உள்ளே நுழைகிறார். அவரைக் கண்டு வீட்டில் உள்ளவர்கள் திகைத்து நிற்கிறார்கள். ஆனாலும் ரொட்டியும் உப்பும் ஏந்தி அவரை எதிர்கொள்கிறார்கள். கிழவர் மந்திரவாதி என்று படத்தின் தலைப்பே சொல்கிறது. கிறிஸ்தவர்களான குடியானவர்கள் தங்கள் வீட்டுத் திருமணத்தில் ஒரு மந்திரவாதியை ஏன் வரவேற்க வேண்டும், அப்படி ஒரு வழக்கம் உண்மையிலேயே இருந்ததா, இல்லை ஓவியரின் கற்பனையா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: ஓர் ஓவியத்தை ஒரு சமூகத்தின் வழக்கத்துக்குச் சாட்சியாக எந்த அளவுக்கு ஏற்கலாம்? நாட்டுப்புற வழக்காறுகளையும் 19ஆம் நூற்றாண்டு ரஷ்ய ஓவியங்களையும் பல்லாண்டுகள் மாணவர்களுக்குக் கற்பித்தவன் என்ற முறையில் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். வழக்கம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இந்தக் காட்சியின் ஒவ்வொரு விவரமும் எல்லா ரஷ்யக் கிராமங்களுக்கும் பொருந்துமா என்றால், பொருந்தாது.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. ஓவியத்தின் பெயர் ‘குடியானவர் திருமணத்துக்கு மந்திரவாதியின் வருகை’. வரைந்தவர் வசீலி மக்சிமோவ்; ஆண்டு 1875. ஏறத்தாழ 116 செ.மீ. உயரமும் 188 செ.மீ. அகலமும் கொண்ட இந்த எண்ணெய் வண்ண ஓவியம் மாஸ்கோவின் திரெத்தியகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதே ஆண்டில், நகரம் நகரமாகக் கண்காட்சிகளைக் கொண்டுசென்ற பெரெத்விஷ்னிக்கி ஓவியர் சங்கத்தின் கண்காட்சியில் இது வைக்கப்பட்டது. அந்தச் சங்கம் 1870இல் தோன்றி, 1871இல் தன் முதல் கண்காட்சியை நடத்தியது. மக்சிமோவ் 1872இல் அதில் உறுப்பினரானார். காட்சி நடப்பது குளிர்காலத்து இரவு, மரக்கட்டைகளால் கட்டிய குடியானவர் வீட்டின் உள்ளே. வெளிச்சம் முழுவதும் வீட்டுக்குள் எரியும் சுடரிலிருந்து வருகிறது. திருவுருவப் படங்கள் இருக்கும் மூலையில் மணமக்கள். அவர்களைச் சுற்றி உறவினர், ஊரார், குழந்தைகள்.

மக்சிமோவின் பிறப்பும் வளர்ப்பும் இந்த ஓவியத்துக்கு மிகவும் முக்கியமானவை. அவர் 1844இல் லடோகா ஏரிக்குத் தெற்கே, பீட்டர்ஸ்பர்க் மாநிலத்து நோவயா லடோகா வட்டாரத்தில், லோப்பினோ என்ற சிற்றூரில், அரசு நிலக் குடியானவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பீட்டர்ஸ்பர்க்கில் திருவுருவப் படங்கள் வரையும் பட்டறையில் வேலை பயின்று, 1863இல் கலைக் கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். வெளிநாட்டில் தங்கிப் பயிலும் வாய்ப்பைத் தரும் பெரிய தங்கப் பதக்கத்துக்குப் போட்டியிட மறுத்து, கல்வியை அங்கேயே விட்டுவிட்டுக் கிராமங்களுக்குத் திரும்பினார். அக்காலத்தில் குடியானவர் வாழ்வை வரைந்த ஓவியர்கள் பலர். அந்த வாழ்வுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிலரே. சிறுவனாக இருந்தபோது தன் அண்ணனின் திருமணத்தில் ஒரு மந்திரவாதி வந்து நின்றதைக் கண்ட நினைவிலிருந்தே இந்த ஓவியம் உருவானது என்பது அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளின் வழியே நமக்குத் தெரிய வருகிறது. ஆகவே உங்கள் கேள்வியின் ஒரு பகுதிக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது: இந்தக் கருவை ஓவியர் நூலில் படித்து எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும், அவர் கண்டது 1850களை ஒட்டிய ஒரு நிகழ்வு. வரைந்ததோ 1875இல், முப்பது வயதைக் கடந்த பிறகு. இடைப்பட்ட காலத்தில் நினைவு எதை விட்டது, எதைச் சேர்த்தது என்பதை ஓவியத்தைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது.

நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட தொப்பியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எனக்கு இந்த ஓவியத்தின் திறவுகோலே அதுதான். ரஷ்யக் குடியானவர் வீட்டில் அடுப்பு ஒரு மூலையை அடைத்துக்கொண்டிருக்கும். அதற்குக் குறுக்கெதிரான மூலையில், பூவேலை செய்த துணி சூழ, திருவுருவப் படங்கள் இருக்கும். சாப்பாட்டு மேசை அந்த மூலையில்தான். விருந்தினரில் உயர்ந்தவர் அமர்வதும் அங்கேதான். மணமக்களை அமர்த்துவதும் அங்கேதான். வெளியிலிருந்து வரும் எவரும், யாரிடமும் ஒரு சொல் பேசுவதற்கு முன், தொப்பியைக் கழற்றி அந்த மூலையைப் பார்த்துச் சிலுவை அடையாளம் இட்டு வணங்க வேண்டும். வீட்டாருக்கு வணக்கம் சொல்வது அதற்குப் பிறகுதான். ஏழைக்கும் பணக்காரனுக்கும் இந்த ஒழுங்கு ஒன்றே. மக்சிமோவின் கிழவரோ ஆட்டுத்தோல் அங்கியோடும், தலையில் தொப்பியோடும், மேலே படிந்த பனியைக் கூட உதறாமலும் திருவுருவப் படங்களுக்கு எதிரே நிற்கிறார். 1875இல் இந்த ஓவியத்தைப் பார்த்த ரஷ்யருக்குத் தலைப்பைப் படிக்காமலேயே இவர் யார் என்பது ஓரளவு விளங்கியிருக்கும். நம் கண்ணுக்கு அது குளிருக்கு அணிந்த தொப்பி. அவர்கள் கண்ணுக்கு அது அந்த வீட்டின் தெய்வத்தை ஏற்காத ஒருவர் உள்ளே வந்துவிட்டதன் அறிவிப்பு. கையில் மண்டையோடு, தோளில் கரும்பூனை போன்ற நாடகப் பொருள்கள் எதையும் மக்சிமோவ் சேர்க்கவில்லை. கழற்றாத தொப்பி ஒன்றே போதும் என்று விட்டிருக்கிறார். அந்த வாழ்வை அறிந்தவர்தான் இந்தச் சிக்கனத்தோடு வரைய முடியும் என்று கருதுகிறேன்.

இனி, மந்திரவாதி பற்றிய அச்சம் ஏன் குறிப்பாகத் திருமணத்தில் எழ வேண்டும்? ரஷ்யக் குடியானவர் திருமணம் ஒரு நாள் நிகழ்வு அன்று. பெண் கேட்டு வருவது, பெண் பார்ப்பது, இரு தந்தையரும் கையடித்து உறுதி செய்வது, தோழியர் கூடும் மாலை, மணப்பெண்ணின் சடங்கு நீராட்டு, கோவிலில் பாதிரியார் மணமக்களுக்கு முடிசூட்டி மணம் முடித்து வைக்கும் முடிசூட்டு, மாப்பிள்ளை வீட்டு விருந்து என்று அது நாள்கணக்கில், சில ஊர்களில் வாரக்கணக்கில் நீளும். இந்தக் காலம் முழுவதும் மணப்பெண் ஒரு வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டவளாகவும் இன்னொரு வீட்டில் இன்னும் சேராதவளாகவும் இருக்கிறாள். ரஷ்யாவின் வடபகுதியில் அவள் நாள்தோறும் ஒப்பாரி வைத்து அழுவது சடங்கின் பகுதி. தந்தையிடம், தாயிடம், தோழியரிடம், தன் கன்னிப் பருவத்திடம் அவள் விடைபெறும் அந்தப் பாடல்களைக் கேட்டால் சாவு வீட்டுப் பாடல்களைப் பிரித்தறிவது கடினம். ஒற்றைப் பின்னலை அவிழ்த்து இரண்டாகப் பின்னி, மணமானவளின் தலைத்துணியால் கூந்தலை மூடும்போதுதான் அவள் நிலை மாறுகிறது. மணமகனை இளவரசன் என்றும் மணமகளை இளவரசி என்றும், ஊர்வலத்தில் வரும் உறவினரைப் பிரபுக்கள் என்றும் அந்த நாள்களில் அழைப்பார்கள். இத்தனை உயரத்தில் வைக்கப்பட்டவர்கள், எந்த வீட்டுக்கும் முழுமையாக உரியவராகாத இடைவெளியில் நிற்பவர்கள், கண்ணேறுக்கும் செய்வினைக்கும் எளிதில் இலக்காவார்கள் என்பதே அந்த நம்பிக்கையின் அடிப்படை.

எவ்வகைக் கேடுகளை அஞ்சினார்கள் என்பதற்குச் சான்றுகள் நிறைய உள்ளன. 1845இல் நிறுவப்பட்ட ரஷ்யப் புவியியல் சங்கத்துக்கு ஊர்களிலிருந்து வந்த விவரங்களும், 1890களின் இறுதியில் இளவரசர் தெனிஷெவ் நிறுவிய இனவரைவியல் பணியகத்தின் வினாத்தாள்களுக்குக் கிராம ஆசிரியர்களும் பாதிரியார்களும் குடியானவர்களும் எழுதி அனுப்பிய விடைகளும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மணமகனுக்கு முதலிரவில் ஆண்மை இயலாமல் போவது. மணமக்களுக்குள் வெறுப்பு மூள்வது. மணப்பெண்ணுக்கு வலிப்பு வருவது. ஊர்வலத்துக் குதிரைகள் வாசலில் நின்றுவிட்டு நகர மறுப்பது. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஊர்வலத்தினர் அனைவருமே ஓநாய்களாக மாறிக் காட்டுக்குள் ஓடிவிடுவது. கடைசியாகச் சொன்னது கதை மரபு. குதிரைகள் நகர மறுத்த நிகழ்வுகளுக்கோ கண்ணுக்குத் தெரியும் காரணமும் இருந்திருக்கலாம். ஒன்பது மணிகள் கொண்ட பட்டாணிக் காயைப் பனிச்சறுக்கு வண்டியில் ஒளித்து வைத்தால் குதிரை நகராது என்பது மந்திர நம்பிக்கை. ஆனால் கரடிக் கொழுப்பையோ கரடி ரோமத்தையோ வாசலில் வைத்துவிட்டால் அந்த வாடைக்கு மிரண்டு குதிரை நின்றுவிடும் என்பதைச் சேகரிப்பாளர்களே குறித்திருக்கிறார்கள். முதலிரவு பற்றிய அச்சமும் இப்படித்தான். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இருவர், பெற்றோர் முடிவு செய்ததால் இணைந்தவர்கள், நாள்கணக்கில் தூக்கமும் உணவும் கெட்டவர்கள், மறுநாள் காலையில் ஊரே விசாரிக்கப் போகிறது என்பதை அறிந்தவர்கள்; இவர்களுக்குச் செய்வினை எதுவும் இல்லாமலேயே இடர் நேரலாம். நேர்ந்தால் அதற்கு ஒரு பெயரும், பழி சுமக்க ஒருவரும், தீர்த்து வைக்க ஒருவரும் வேண்டியிருந்தது. அந்தப் பழிக்கும் அந்தத் தீர்வுக்கும் ஒருவரே உரியவராக இருந்தார் என்பதுதான் மந்திரவாதியின் வலிமை.

காப்புகளும் அதற்கேற்பப் பலவாக இருந்தன. மணப்பெண்ணின் ஆடை மடிப்பில் ஊசிகளைக் குத்தி வைப்பார்கள். உடைக்குள் இடுப்பைச் சுற்றி மீன் வலைத் துண்டைக் கட்டுவார்கள், அதன் முடிச்சுகள் அத்தனையையும் அவிழ்க்காமல் தீங்கு நெருங்காது என்பதற்காக. ரோமம் வெளியே தெரியுமாறு புரட்டிப் போட்ட ஆட்டுத்தோல் அங்கியின் மேல் மணமக்களை அமர்த்துவார்கள். தானியமும், பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் பூவும் தூவுவார்கள். இவற்றையெல்லாம் முன்னின்று நடத்துபவர் மாப்பிள்ளைத் தோழன். தோளின் குறுக்கே பூவேலைத் துணி கட்டிய இவர் ஊர்வலத்தை வழிநடத்துவார், வேடிக்கையாகப் பேசுவார், வண்டிகளைச் சுற்றி வந்து காப்பு மந்திரம் சொல்வார். வடக்கிலும் யூரல் மலைப் பக்கத்திலும் பல ஊர்களில் தோழனாக வருபவரே மந்திரம் அறிந்தவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். வேறு ஊர்களில், தீங்கு செய்யக்கூடியவர் என்று பெயர் எடுத்தவரை முன்கூட்டியே அழைத்து, முதல் மரியாதையும் வோத்காவும் துணியும் கொடுத்து நிறைவுபடுத்திவிடுவார்கள். உங்களுக்கு முரணாகத் தோன்றிய வரவேற்பின் பின்னணி இதுதான். ரொட்டியும் உப்பும் அன்பின் அடையாளம் மட்டும் என்று எடுத்துக்கொண்டால் இந்த ஓவியம் விளங்காது. ஒரு வீட்டின் ரொட்டியையும் உப்பையும் உண்டவர் அந்த வீட்டுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் மொழியில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வீட்டார் தட்டை நீட்டுவது கிழவரை அந்தச் சட்டத்துக்குள் கட்டிப்போடுவதற்காக. அவர் இன்னும் அதை உண்ணவில்லை. கட்டுக்குள் வருவாரா என்பது தெரியாத அந்தக் கணத்தில் ஓவியர் காட்சியை நிறுத்தியிருக்கிறார்.

இந்த அச்சம் படிப்பறிவற்ற ஏழைகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் சிலருக்கு வரக்கூடும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மாஸ்கோவின் பெருங்கோமகன் சிமியோன் 1345இல் இரண்டாவதாக மணந்த யெவ்பிராக்சியாவை ஓர் ஆண்டுக்குள் தந்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். திருமணத்தின்போது அவளுக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள், இரவில் கணவன் கண்ணுக்கு அவள் பிணமாகத் தெரிந்தாள் என்று ஒரு வம்சாவளிச் சுவடி காரணம் கூறுகிறது. அவள் திருப்பி அனுப்பப்பட்டது உறுதியான செய்தி. காரணம் பிற்காலச் சுவடி சொல்வது, ஆகவே அதை அப்படியே ஏற்க இயலாது. ஆனாலும் அரண்மனைத் திருமணம் முறிந்ததற்கு இப்படி ஒரு காரணம் எழுதத்தக்கதாகக் கருதப்பட்டது என்பதே நமக்குப் போதிய தகவல். 1551இல் மாஸ்கோவில் கூடிய திருச்சபைச் சங்கம், மணமக்கள் கோவிலுக்குச் செல்லும்போது சிலுவையேந்திய பாதிரியாருக்கு முன்னால் கோமாளிகளும் இசைப்போரும் ஆடிப்பாடிச் செல்வதைக் கண்டித்தது. கோவில் சடங்கும் ஊர்ச் சடங்கும் ஒன்றையொன்று விலக்காமல் அருகருகே நடந்தன. பாதிரியார் தம் பங்கைச் செய்தார், தோழன் தன் பங்கைச் செய்தான். நடத்தியவர்களுக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. சில வடக்கு ஊர்களில் கோவிலில் முடிசூட்டு முடிந்த பிறகும், வீட்டு விருந்து நடக்கும் வரை மணமக்கள் ஒன்றாக வாழத் தொடங்க மாட்டார்கள். ஊரின் கணக்கில் திருமணத்தை முழுமையாக்கியது விருந்துதான். மந்திரவாதி கோவில் வாசலுக்கு வராமல் விருந்துக்கு வருவது ஏன் என்பதும் இதிலிருந்து புரியும்.

இனி ஐயத்துக்கு உரியவை. அழைக்கப்படாமல் வந்தவரா, அழைத்து வந்தவரா என்பதை ஓவியம் தெளிவாகச் சொல்லவில்லை. பலர் ‘அழையா விருந்தாளி’ என்று உறுதியாக எழுதுகிறார்கள். அவர்கள் பக்கமே நானும் சாய்கிறேன். முன்கூட்டியே அழைத்து உயர்ந்த இடத்தில் அமர்த்தியிருந்தால் விருந்தின் நடுவே இத்தனை பேர் திகைத்துத் திரும்ப வேண்டியதில்லை. ஆனாலும் அது என் ஊகம். ரொட்டியும் உப்பும் அவ்வளவு விரைவில் தயாராகக் கையில் இருப்பதைக் காட்டி எதிர்வாதம் செய்பவரை மறுக்க என்னிடம் சான்று இல்லை. இரண்டாவது ஐயம், அந்தக் கிழவர் உண்மையில் என்ன செய்துவந்தார் என்பது. ரஷ்யக் கிராமங்களில் மந்திரவாதி என்ற பெயர், பெரும்பாலும் ஊரின் ஓரத்தில் தனித்து வாழ்ந்தவர்களுக்கோ, ஆலைக்காரர், கொல்லர், மேய்ப்பர், தேனீ வளர்ப்பவர் போன்று தனித் தொழில் நுட்பம் அறிந்தவர்களுக்கோ ஊராரே சூட்டியது. அந்தப் பெயரால் வந்த அச்சத்தைப் பயன்படுத்தி விருந்தும் காசும் பெற்றவர்கள் இருந்தார்கள். அந்தப் பெயரால் அடியும் உதையும் பட்டவர்களும் இருந்தார்கள். ஓவியத்துக் கிழவர் எந்த வகை என்பது நமக்குத் தெரியப் போவதில்லை. மூன்றாவது, வட்டார வேறுபாடு. மக்சிமோவ் அறிந்தது வடமேற்கு. ரஷ்யத் திருமணங்களை ஆய்வாளர்கள் பொதுவாக, ஒப்பாரி மிகுந்து சாவுச் சடங்கை ஒத்திருக்கும் வடக்குத் திருமணம் என்றும், ஆட்டமும் பாட்டும் மிகுந்த தெற்குத் திருமணம் என்றும் பிரிப்பார்கள். தெற்கே தம்போவிலோ வரோனிஷிலோ நடந்த ஒரு திருமணத்தை இந்த ஓவியத்தைக் கொண்டு கற்பனை செய்தால் உடையும் தவறாகும், மனநிலையும் தவறாகும்.

பிற திருமண ஓவியங்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் மக்சிமோவ் செய்தது என்ன என்பது நன்கு புலப்படும். மிகயீல் ஷிபானோவ் 1777இல் வரைந்த ‘திருமண ஒப்பந்தக் கொண்டாட்டம்’ காலத்தால் மிகவும் முந்தியது. சூஸ்தல் மாநிலத்துக் குடியானவரைக் காட்டுவதாகவும், அதே மாநிலத்தின் தத்தாரோவோ கிராமத்தில் வரையப்பட்டதாகவும் அதன் பின்புறத்தில் ஓவியரே எழுதி வைத்திருக்கிறார். இடமும் ஆண்டும் இப்படிப் பதிவாகியிருப்பதால், உடை பற்றி ஆராய்பவர்களுக்கு அது பெரும் கொடை. சரிகைத் துணி உடுத்திய மணப்பெண்ணின் நிச்சயத்தை அது கொண்டாட்ட அமைதியோடு காட்டுகிறது. கலக்கத்துக்கு அங்கே இடமில்லை. அடுத்து, கிரிகோரி மியசோயேதோவ் 1861இல், பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்ட அதே ஆண்டில், ‘நிலக்கிழார் வீட்டில் மணமக்களுக்கு வாழ்த்து’ என்ற ஓவியத்தை வரைந்தார். பண்ணையடிமைகள் மணம் முடிக்க உடையவரின் இசைவு வேண்டியிருந்த காலத்தின் காட்சி அது. மணமக்கள் இருப்பது அவர்களுடைய வீட்டில்கூட இல்லை, எசமானரின் அறையில். பதினான்கு ஆண்டுகள் கழித்து மக்சிமோவ் வரையும்போது எசமானர் எங்கும் காணப்படவில்லை. குடியானவர் தம் வீட்டில், தம் விருந்தில், தம் அச்சத்தோடு இருக்கிறார்கள். வெளியிலிருந்து வருபவரும் அவர்கள் உலகத்தைச் சேர்ந்தவரே. மாணவர்களுக்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டும்போது, யார் யாருக்கு முன் நிற்கிறார்கள் என்ற கேள்வியை மட்டும் கேட்பேன். பெரும்பாலும் அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

இந்த ஓவியம் ‘இருண்ட கிராமத்தின் மூடநம்பிக்கையை அம்பலப்படுத்துகிறது’ என்ற விளக்கத்தை நீங்கள் பல இடங்களில் படிக்க நேரலாம். அதை நான் ஏற்கவில்லை, காரணத்தையும் சொல்கிறேன். அம்பலப்படுத்த விரும்பும் ஓவியர் கிழவரை ஏமாற்றுக்காரராகவோ ஊராரை அசடுகளாகவோ வரைந்திருப்பார். இங்கே கிழவருக்கு ஒரு தன்மதிப்பு இருக்கிறது. அஞ்சுபவர்களின் முகங்களில் ஏளனத்துக்கு இடமே தரப்படவில்லை. குழந்தையின் வியப்பும் பெரியவரின் கவலையும் வேறு வேறாக, ஒவ்வொன்றும் உரிய மதிப்போடு வரையப்பட்டிருக்கின்றன. பெரெத்விஷ்னிக்கி இயக்கத்தின் உடைக்க முடியாத சக்கிமுக்கிக் கல் என்று மக்சிமோவைப் பற்றிச் சக ஓவியர் இலியா ரேப்பின் எழுதியதற்கு இந்த நேர்மையும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். அதே வேளையில் மக்சிமோவ் கிராமத்தை இனிப்புப் பூசிக் காட்டியவரும் அல்லர். மறு ஆண்டே, 1876இல், ‘குடும்பப் பாகப்பிரிவினை’ என்ற ஓவியத்தை வரைந்தார். அண்ணன் தம்பிகள் பிரிந்து வீட்டுப் பொருள்களைப் பங்கு போட்டுக்கொள்ளும் காட்சி அது. அதுவும் திரெத்தியகோவ் கலைக்கூடத்தில்தான் இருக்கிறது. முதல் ஓவியத்தில் திருவுருவப் படங்களுக்குக் கீழே நிற்கும் மணப்பெண் அடியெடுத்து வைக்கும் கூட்டுக் குடும்பம் எப்படிப்பட்டது, மாமியாருக்கும் ஓரகத்திகளுக்கும் நடுவே மருமகளின் நிலை என்ன, ஒப்பாரியில் அவள் எதற்காக அழுதாள் என்பதற்கெல்லாம் இரண்டாவது ஓவியம் ஒருவகையில் விடை சொல்கிறது. இயலுமானால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

படத்தின் பனியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குளிர்காலத்தில் யாராவது திருமணம் வைப்பார்களா என்று. அதுதான் திருமணப் பருவமே. நோன்புக் காலங்களில் திருச்சபை மணம் முடித்து வைக்காது. உழவும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் குடியானவருக்கு நேரமும் இராது, உணவும் இராது. எனவே, இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்த பின்னும், ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்ததிலிருந்து பெருநோன்புக்கு முந்தைய மாஸ்லெனித்சா வாரம் தொடங்கும் வரையிலுமே பெரும்பாலான திருமணங்கள் நடந்தன. கிழவரின் தோள்மேல் இருக்கும் பனி, ஓவியம் இந்த இரண்டாவது பருவத்தைச் சேர்ந்தது என்று கருதுவதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்த வட்டாரத்தில் நவம்பரிலேயே பனி விழத் தொடங்கிவிடும் என்பதால் அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை.

கடைசியாக ஒன்று. நீங்கள் பார்த்த பிரதியில் ஓரங்கள் முழுவதும் கருமையாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரவுக் காட்சி என்பதால் மலிவான அச்சுப் பிரதிகளில் பின்னால் நிற்பவர்களின் முகங்கள் இருளில் கரைந்துவிடுகின்றன. நான் வகுப்பில் பயன்படுத்திய பழைய அச்சிலும் பாதிப் பேரைக் காண முடியவில்லை. திரெத்தியகோவ் கலைக்கூடத்தின் இணையதளத்தில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் மணமக்களை விட்டுவிட்டு, கிழவருக்கு மிக அருகில் நிற்பவர்களிலிருந்து தொடங்கி மேசையின் கடைசி வரை ஒவ்வொரு முகமாகச் செல்லுங்கள். இன்னும் விருப்பம் இருந்தால், அந்திரேய் ரியாபுஷ்கின் 1891இல் வரைந்த ‘நோவ்கொரொத் மாநிலத்தில் கோவிலிலிருந்து மணமக்களை எதிர்பார்த்திருத்தல்’ என்ற ஓவியத்தையும் தேடிப் பாருங்கள். அது பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மக்சிமோவின் ஊருக்கு அண்டை மாநிலத்துத் திருமணம் அது. மணமக்கள் இன்னும் வந்து சேரவில்லை, வீடு கூடிக் காத்திருக்கிறது.